சிபிலில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய முகவரி: வாசகர் கேள்விகள்

கேள்வி: சார், வீட்டுக் கடன் வாங்கலாம் என்று சிபில் ரிப்போர்ட் (நம் கடன் வரலாறும் அதற்கான மதிப்பெண்ணும் உள்ள அறிக்கை) எடுத்துப் பார்த்தேன். 2011-ல் திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருந்த முகவரி, அதற்கப்புறம் மாறிய இரண்டு வாடகை வீடுகள், எப்போதோ விட்டுவிட்ட செல் நம்பர், வேலையை விட்டு வந்த கம்பெனி எல்லாம் அதில் இருக்கிறது. ஸ்கோர் 741. இவற்றை எடுத்துவிட்டால் ஸ்கோர் ஏறுமா? எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் 6,000 ரூபாய் கேட்கிறார்.
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: முதலில் அந்த 6,000 ரூபாயை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முகவரிக்கும் போன் நம்பருக்கும் ஸ்கோரில் ஒரு மார்க்கும் கிடையாது. தவணையை ஒழுங்காகக் கட்டினீர்களா, கார்டு லிமிட்டில் எவ்வளவு எடுத்திருக்கிறீர்கள், எத்தனை இடத்தில் கடன் கேட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். பத்து வீடு மாறியவனுக்கும் 800 இருக்கலாம்.

இந்த முகவரிகளை சிபில் தானாகத் தேடிப் பிடிக்கவில்லை. மேன்ஷனில் இருந்தபோது ஒரு பைக் லோனோ கார்டோ வாங்கியிருப்பீர்கள், அந்த விண்ணப்பத்தில் எழுதியதை வங்கி அனுப்பியிருக்கும், அவர்கள் ஏற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் அது எந்தத் தேதியில் பதிவானது என்று இருக்கும், பாருங்கள். கடன் கொடுப்பவரும் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் படிப்பார்.

இங்கேதான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய விவரம் வேறு, தப்பான விவரம் வேறு. மேன்ஷன் முகவரி 2011-ல் உண்மை. அதை நீக்கச் சொல்லி நீங்கள் கேட்டாலும், "அன்று அவர் எழுதிக் கொடுத்ததுதான்" என்று வங்கி சொல்லிவிட்டால் சிபில் அதைத் தொடாது, வங்கி ஒப்புக்கொள்ளாமல் அவர்களால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அதனால் பழையதை அழிப்பதற்கு மல்லுக்கட்டுவதைவிட புதியதைச் சேர்ப்பதுதான் வழி. இன்றைக்குக் கணக்கு உயிரோடு இருக்கும் எல்லா இடத்திலும், முக்கியமாக நீங்கள் மறந்துபோன அந்த ஒரு கிரெடிட் கார்டிலும், கேஒய்சியை (வங்கியிடம் உள்ள உங்கள் அடையாள, முகவரி விவரம்) புதுப்பித்து இப்போதைய முகவரியும் நம்பரும் கொடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு, ஆகவே ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் புது முகவரி ஏறியிருக்க வேண்டும்.

போன் நம்பரை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். சிம் செத்து 90 நாள் போனால் அந்த நம்பர் இன்னொருவர் கைக்குப் போகலாம். உங்கள் ஓடிபியும் வங்கி அலர்ட்டும் யாரோ ஒரு புண்ணியவானுக்குப் போய்க்கொண்டிருக்கும். எனக்கே நடந்தது: வருஷக் கட்டணம் 500 ரூபாய் பாக்கி என்று ஒரு வங்கி (பெயர் வேண்டாம்) பழைய நம்பருக்கே எஸ்எம்எஸ் அனுப்பி, பழைய வீட்டுக்கே கடிதம் போட்டு, கடைசியில் அதை ரிப்போர்ட்டிலும் ஏற்றிவிட்டது. முகவரி என் ஸ்கோரைக் குறைக்கவில்லை, முகவரியை மாற்றாத சோம்பேறித்தனம் குறைத்தது.

இன்னொன்று. சிபில் என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும் இந்தியாவில் இந்த வேலையை நான்கு நிறுவனங்கள் செய்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை ஸ்கோரோடு இலவசமாகத் தரவேண்டும். நான்கையும் எடுத்துப் பாருங்கள். ஒன்றில் இருக்கும் கோளாறு இன்னொன்றில் இல்லாமலும் போகலாம்.

கேள்வி: கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், இப்போது கணவர் இனிஷியல். ரிப்போர்ட்டில் என் பெயர் இரண்டு விதமாக இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, நான் வாங்காத ஒரு மைக்ரோபைனான்ஸ் கடனும், நான் போயே இராத ஒரு ஊர் முகவரியும் இருக்கிறது. கடனில் பாக்கி வேறு!
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அம்மா, தாம்பரம் வாசகரின் கதை வேறு, உங்களுடையது வேறு. இது பழசு இல்லை, தப்பு. உடனே கவனியுங்கள்.

நம் ஊரில் இது அடிக்கடி நடக்கக்கூடியதுதான். ஆதாரில் இனிஷியல் ஒரு எழுத்து, பான் கார்டில் அதையே விரித்து அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் முன்னும் பின்னுமாக. போதாததற்கு ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் உள்ளவர்கள் ஒரு தாலுகாவிலேயே நூறு பேர் இருப்பார்கள். பான் எண் சரியாக இல்லாத கடன்களில், பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துப் பொருத்தும்போது இன்னொருவர் கணக்கு உங்கள் தலையில் விழுந்துவிடும். இல்லையென்றால் உங்கள் ஆதார் நகலை வைத்து யாரோ கடனே எடுத்திருக்கலாம். அப்படித் தெரியவந்தால் போலீஸ் புகாரும் வேண்டும்.

சிபில் தளத்தில் நுழைந்து அந்தக் கடன், அந்த முகவரி இரண்டின் மேலும் தனித்தனியாக டிஸ்ப்யூட் (இது தவறு என்ற ஆட்சேபம்) போடுங்கள், காசு கிடையாது. அதே நாளில் கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் எழுதி, கடன் விண்ணப்பத்தின் நகலையும் கையெழுத்தையும் போட்டோவையும் காட்டச் சொல்லுங்கள். போனில் பேசுவது கணக்கில் வராது, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். புகார் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஏனென்றால் புகார் கொடுத்த தேதியில்தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு. 2024 ஏப்ரல் 26 முதல் இந்த ரிசர்வ் வங்கி விதி நடைமுறையில் இருக்கிறது. இதில் கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் பதில் அனுப்பவேண்டும். அவர் தாமதித்தால் அவர் கட்டவேண்டும், அவர் அனுப்பியும் சிபில் தூங்கினால் சிபில் கட்டவேண்டும். 48-வது நாள் தீர்ந்தால் 18 நாளுக்கு 1,800 ரூபாய். பெரிய தொகை இல்லைதான், ஆனால் இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதிய கடிதத்துக்குத் தனி மரியாதை உண்டு.

அப்படியும் அசையவில்லையா, ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள். ஆன்லைனிலேயே புகார் செய்யலாம், வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448.

பெயர் விஷயம்: பான், ஆதார், வங்கி மூன்றிலும் முதலில் ஒரே பெயரைக் கொண்டுவாருங்கள். எது என்பது உங்கள் விருப்பம், கணவர் இனிஷியலுக்கு மாறியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான், ஏழு வருஷம் ஆனால் பழைய கடன் பாக்கி ரிப்போர்ட்டிலிருந்து தானாக விழுந்துவிடும் என்கிறார். நமக்கும் அப்படியா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: அவர் ஊருக்கு அது பெரும்பாலும் சரி. அங்கே கட்டாமல் விட்ட கடனை ஏழு வருஷத்துக்கு மேல் காட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இங்கேயும் ஏழு என்ற எண் வருகிறது, ஆனால் தலைகீழாக: விவரங்களைக் குறைந்தது ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் நம் விதி. அதற்குமேல் வைத்திருக்கக் கூடாது என்று அதில் இல்லை. எட்டாவது வருஷத்துக்காகக் காத்திருக்காமல் பாக்கியைக் கட்டி, 'செட்டில்டு' (குறைத்துப் பேசி முடித்தது) என்று இல்லாமல் 'குளோஸ்டு' (முழுதும் கட்டி முடித்தது) என்று பதியச் சொல்லி, என்ஓசி (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்குங்கள்.

கேள்வி: ரிப்போர்ட்டை அடிக்கடி எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையுமா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: நீங்களே பார்த்தால் குறையாது. கடன் கேட்டு விண்ணப்பித்து, அதற்காக வங்கி பார்த்தால்தான் பதிவாகி ஸ்கோரைப் பாதிக்கலாம்.