கோத்தகிரியிலிருந்து பெர்த் கடற்கரைக்கு: குளிர்ந்த காற்றை நம்பி வெயிலில் நிற்காதீர்கள்

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறோம். மகள் குடும்பம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ஸ்கார்பரோ கடற்கரைப் பக்கம் குடியேறியிருக்கிறது. டிசம்பர் கடைசியில் போய் மூன்று மாதம் ஆறு வயதுப் பேரனோடு இருக்கப் போகிறோம். எனக்கு 61, கணவருக்கு 67. அவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். இருவருக்கும் நீச்சல் தெரியாது. மேட்டுப்பாளையம் இறங்கினாலே எங்களுக்குத் தாங்காது. அங்கே எப்படிச் சமாளிப்பது?

பதில்: மேட்டுப்பாளையம் வெயில் வேறு, பெர்த் வெயில் வேறு. பெர்த்தின் கோடை வறண்டது. ஜனவரி, பிப்ரவரியில் பகல் வெப்பம் சராசரியாக 31, 32 டிகிரி. சில நாள் 40-ஐத் தாண்டும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பிலிருந்து நீர் போவது தெரியாது. பிற்பகலில் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். உங்களுக்குச் சொந்த ஊர்போல இருக்கும், ஏமாறுவதும் அப்போதுதான். தோலைச் சுடுவது புற ஊதாக் கதிர். காற்று குளிர்ந்தால் அது குறைவதில்லை. ஸ்வெட்டர் போட்டுத் தேயிலை பறிப்பவர்களுக்கும் முகம் கறுத்துப்போவது இதனால்தான்.

அதனால் வெப்பநிலையோடு புற ஊதாக் குறியீட்டையும் தினமும் போனில் பாருங்கள். 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும். பெர்த்தில் கோடை நண்பகலில் 11-ஐத் தாண்டுவது வழக்கம். முழுக்கை பருத்தி உடை, சுற்றிலும் 7.5 சென்டிமீட்டர் விளிம்புள்ள தொப்பி, கருப்புக் கண்ணாடி மூன்றும் அவசியம். உடை மறைக்காத தோலுக்கு எஸ்.பி.எஃப். 50+ சன்ஸ்கிரீன். பெரும்பாலோர் தவறுவது அளவில். ஒரு கைக்கு ஒரு டீஸ்பூன், ஒரு காலுக்கு ஒன்று, முகம், கழுத்து, காது சேர்த்து ஒன்று. வெளியே கிளம்ப 20 நிமிடம் முன்பே தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். மாநிறமும் கறுப்புமான தோலில் எரிச்சல் தாமதமாகத் தெரியுமே தவிர, பாதிப்பு இல்லாமல் போகாது.

வீட்டுக்குள் ஜன்னல்தான் முக்கியம். கோடையில் பல நாள் காலையில் கிழக்கே உள்நாட்டிலிருந்து சூடான காற்று வீசும். விடியற்காலையில் திறந்த ஜன்னலை வெயில் ஏறும் முன்பே சாத்தி, திரையையும் இழுத்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் தென்மேற்கிலிருந்து கடல்காற்று வந்ததும் திறக்கலாம். 'ஃப்ரீமாண்டில் டாக்டர்' என்று அங்குள்ளவர்கள் சொல்வது இந்தக் காற்றைத்தான். அது வராத நாள் மிகக் கடுமையானது. 40 டிகிரிக்கு மேல் ஃபேன் மட்டும் போதாது, ஏ.சி. அறையில் இருங்கள்.

மலையில் வாழ்ந்த உடம்பு வெப்பத்துக்குப் பழக பத்து, பதினான்கு நாள் ஆகும். முதல் வாரம் நடையைக் காலை ஏழு மணிக்குள் முடியுங்கள். பிரஷர் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகப்படுத்துபவை. வெயில் நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், எழுந்தால் தலைசுற்றினால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். பேச்சு குழறி, உடம்பு கொதித்தால் அங்குள்ள அவசர எண் 000-ஐ அழைத்துவிட்டு, ஈரத்துணியும் ஐஸும் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள்.

இனி கடல். சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவே, உயிர்காப்பாளர் பார்வையில் மட்டும் இறங்க வேண்டும். முழுச் சிவப்புக் கொடி என்றால் தண்ணீருக்குள்ளேயே போகக்கூடாது. விடியற்காலையில் வெயில் இருக்காது, ஆனால் கொடியும் இருக்காது. அப்போது மணலில் நடப்பதோடு சரி. அலைகள் உடையும் வரிசைக்கு நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாக, சற்றுக் கருமையாகத் தெரிந்தால், கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் அதுவாக இருக்கலாம். நீச்சல் தெரியாதவர்கள் அந்த அமைதியைப் பார்த்தே அங்கே இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல் மிதந்து, கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

பேரனுக்குக் காற்றடைத்த வளையம் வேண்டாம். காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அவன் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். நீச்சல் தெரிந்த உங்கள் மகளோ மருமகனோ நிற்பதே சரி. சேலையோடு நீங்கள் இறங்காதீர்கள். நனைந்த சேலை கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும், முழங்கால் ஆழத்திலேயே அலை சாய்த்துவிடும்.

நீலப் பையும் நீண்ட இழைகளும் உள்ள 'புளூபாட்டில்' என்ற கடல் உயிரினம் கொட்டினால், இழையை எடுத்துவிட்டு, கொட்டிய இடத்தைக் கடல்நீரால் கழுவி, 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். அந்தச் சூட்டைப் பெரியவர் முதலில் தன் கையில் சோதிக்க வேண்டும். இதற்கு வினிகர் கூடாது.

மாத்திரைகளை மூன்று மாத அளவுக்கு, அட்டையும் பெட்டியும் பிரிக்காமல், ஆங்கில மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். மலைப்பூண்டும் தேனும் வேண்டாம். வர்க்கி, டீத்தூள் உட்பட எந்த உணவுப் பொருள் எடுத்துப் போனாலும் விமானத்தில் தரும் பயணி அட்டையில் உணவு பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்றே குறியுங்கள். சொன்ன பொருளை அதிகபட்சம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம் கட்ட நேரிடும்.