பாட்டு கேட்கும் அறைக்கு ஒலி உறிஞ்சும் பேனலை நாமே செய்யலாம்: கேள்வி பதில்

அண்ணா, நல்ல ஸ்பீக்கர்தான். ஆனாலும் பாடுகிறவர் குரல் கணகணவென்று கேட்கிறது. முட்டை அட்டை ஒட்டட்டுமா?

வேண்டாம் தம்பி. அது மெல்லிய காகிதக் கூழ். உச்ச ஸ்தாயி ஒலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். காங்கிரீட் கூரை, பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை என்று எல்லாப் பக்கமும் கெட்டியாக இருப்பதால் ஒலி அடங்க வழியில்லை. 1895இல் ஹார்வர்டில் ஒரு வகுப்பறையின் எதிரொலியை ஆராய்ந்த வாலஸ் சபைன், நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை அள்ளி வந்து போட்டுத்தான் அளந்தார். கனமான பஞ்சுதான் வழி.

பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் இருக்குமா சார்?

இருக்காது. அதற்குக் கனத்த சுவரும் இடுக்கில்லாத கதவு ஜன்னலும் வேண்டும். பேனல், அறைக்குள் கேட்கும் ஒலியைச் சீராக்க மட்டுமே.

ஒரு அங்குல ஃபோம் மலிவாகக் கிடைக்கிறது. போதாதா?

போதாது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதே இல்லை. ஒலி அலையின் நீளத்தில் கால் பங்கு தள்ளித்தான் அதிகம் அசைகிறது. அந்த அசைவை உராய்ந்து தணிப்பதுதான் பஞ்சின் வேலை. 1000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 1000 அதிர்வு) அந்தக் கால் அலை சுமார் 8.5 செ.மீ., 100 ஹெர்ட்ஸுக்கோ 85 செ.மீ. மெல்லிய ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டினால் ட்ரெபிள் எனும் உச்ச ஸ்தாயி செத்துப் போகும், பேஸ் எனும் தாழ் ஒலி அப்படியே முழங்கும். நாலு அங்குல ராக்வூலை (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு), சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி மாட்டுங்கள். காசில்லாமல் கிடைக்கும் அந்த இடைவெளியைத் தவறவே விடாதீர்கள். ராக்வூல் தீப்பிடிக்காது என்பதும் எனக்குப் பெரிய விஷயம்.

செய்முறை சொல்லுங்கள் அண்ணா.

கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள 50 மி.மீ. ராக்வூல் இரண்டை அடுக்குங்கள். மர ரீப்பரில் சட்டம் அடிக்கும்போது உள்ளளவை அரை செ.மீ. குறைத்தால் பஞ்சு இறுக்கமாக நிற்கும். பின்னால் பிளைவுட் அடிக்காதீர்கள்; குறுக்கே கம்பி கட்டினால் போதும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் கையில் காற்று பட வேண்டும். காடாத் துணி சரி, ரெக்சின் கூடாது. பக்கத்தின் நடுவில் முதல் ஸ்டேப்ளர் பின், அப்புறம் இரு ஓரமும், கடைசியில் மூலை மடிப்பு. முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். பஞ்சுத் தூசி தோலை அரிக்கும்.

எங்கே மாட்டுவது?

நீங்கள் வழக்கமான இடத்தில் உட்காருங்கள். இன்னொருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் ஒரு பேனல். மிச்சம் இருப்பதெல்லாம் மூலைகளுக்கு, தரையிலிருந்து கூரை வரை.

பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி. பேஸ் தாங்க முடியவில்லை.

மூன்று அளவும் ஒன்றானதால் மூன்று திசையிலும் 56 ஹெர்ட்ஸ் அருகேயே முழங்குகிறது. முதலில் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து மூன்றடி முன்னால் இழுங்கள். சுவரோரம்தான் பேஸ் குவியும். நட்டநடுவிலும் வேண்டாம், அங்கே அதே பேஸ் காணாமல் போகும். பிறகு நான்கு மூலைக்கும் இன்னும் கனமாகப் பஞ்சு வையுங்கள்.