9 லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரி இன்ஜின்: ரிங் மட்டும் மாற்றலாமா, முழு வேலை பார்க்கலாமா?

நாமக்கல் வாசகர் ஒருவரின் கேள்வி: "கம்மின்ஸ் 6 சிலிண்டர் இன்ஜின் பொருத்திய 10 சக்கர லாரி வைத்திருக்கிறேன். 9 லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஆயில் குறைகிறது, பிரீதர் குழாயில் புகை வருகிறது. பெங்களூருக்குப் போகும்போது தொப்பூர் மேட்டில் இழுவை இல்லை. இன்ஜினை இறக்காமலே ரிங்கும் பேரிங்கும் மாற்றி 2 நாளில் தருகிறேன் என்கிறார் ஒரு மெக்கானிக். முழுதாக இறக்கி ரீபோர் (தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து சற்றுப் பெரிதாக்குவது) செய்யவேண்டும் என்கிறார் இன்னொருவர். வண்டியை இன்னும் 5, 6 வருடம் ஓட்டவேண்டும். எதைச் செய்வது?"

இன்ஜினை இறக்கிவிடுங்கள். 5, 6 வருடம் என்று நீங்களே எழுதிவிட்ட பிறகு, 2 நாள் வேலைக்கு இடமில்லை.

உங்கள் இன்ஜின் 5.9 லிட்டர் பி வரிசையைச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். இதில் சிலிண்டருக்குள் உறை போலப் பொருத்தும் தனி லைனர் கிடையாது. பிஸ்டன் பிளாக்கிலேயே ஓடுகிறது. புதிதாக இருந்தபோது போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 102 மி.மீ. இத்தனை லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு அது வட்டமாக இருக்காது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில் அகன்று, அதற்கு மேலே தேயாத பகுதி ஒரு விளிம்பாக நிற்கும். நீள்வட்டமாகிப்போன போரில் வட்டமான புது ரிங்கைப் போட்டால் சுவரோடு ஒட்டாது. மேலே நிற்கும் விளிம்பில் புது ரிங் இடித்து உடைவதும் உண்டு. சில மாதத்தில் அதே புகை திரும்பி வரும். கூலியும் சாமானும் வீண்.

ஆனால் இறக்கச் சொன்னதாலேயே ரீபோர் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் அளக்கவேண்டும். போர் கேஜ் வைத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவில், கீழே, ஒவ்வோர் இடத்திலும் குறுக்காக இரண்டு திசையில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். 102.116 மி.மீட்டரைத் தாண்டியிருந்தாலோ, வட்டம் 0.038 மி.மீட்டருக்கு மேல் பிசகியிருந்தாலோ, மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 0.076 மி.மீட்டரைத் தாண்டியிருந்தாலோ ரீபோர்தான். 0.5, 1.0 மி.மீ. கூடுதல் அளவில் பிஸ்டன் கிடைக்கிறது. பிஸ்டனை வாங்கி லேத் பட்டறையில் கையில் கொடுத்த பிறகே போர் போடவேண்டும். அளவு சொல்லிவிட்டு வந்து, பிஸ்டனைப் பிறகு வாங்குவது தவறு. விரலால் தடவிப் பார்த்து "இன்னும் ஓடும்" என்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கிராங்க் ஷாஃப்ட்டும் அப்படித்தான். ஜர்னல் என்பது அதில் பேரிங் உட்காரும் வழவழப்பான பகுதி. மெயின் ஜர்னல் 83 மி.மீ., கனெக்டிங் ராட் ஜர்னல் 69 மி.மீ. கிரைண்டிங் தேவைப்பட்டால், ஜர்னல் முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் மூலையைக் கவனியுங்கள். அங்கே இருக்கும் சிறு வளைவை அப்படியே விட்டு அரைக்கவேண்டும். கூர்மையாக வெட்டிவிட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பாரம் ஏற்றி ஓடும்போது கிராங்க் இரண்டாகும். அரைப்பதற்கு முன்பும் பின்பும் காந்த முறையில் விரிசல் சோதனை செய்யும் பட்டறையாகத் தேடிப் போங்கள்.

இனி, நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. இந்த இன்ஜின் ஏன் தேய்ந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் புதிதாக எதையும் மாட்டாதீர்கள். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண் நிறத்தில் மாவு போல் ஒட்டினால், கிளாம்ப் தளர்ந்தோ குழாய் வெடித்தோ இன்ஜின் தூசியைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. அந்தத் தூசி மணலேதான். ஒரு சின்ன கிளாம்ப்பை மாற்றாமல் போரும் பிஸ்டனும் மாற்றி என்ன பயன்?

அடுத்தது தெர்மோஸ்டாட், இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வு. சூடாகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிற வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அது இல்லாத இன்ஜின் உரிய சூட்டுக்கு வராது; எரியாத டீசல் சுவரில் இறங்கி ஆயிலைக் கழுவும், ஆயில் நீர்த்துப்போகும், ரிங் தேயும். சூடானால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் ரேடியேட்டரில். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாத்திரத்தின் அடியில் என்ன படிய வைக்கிறதோ, அதையேதான் பிளாக்குக்குள்ளும் படிய வைக்கிறது. பிளாக்கை ரசாயனத் தொட்டியில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, இனி டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டும் ஊற்றுங்கள்.

பழைய பேரிங் சுரண்டிப்போயிருந்தால் ஆயில் கூலரையும் மாற்றிவிடுங்கள். அதன் குறுகிய பாதைகளில் தங்கிய உலோகத் துகளை எந்தக் கழுவலும் முழுதாக எடுக்காது. புது பேரிங் போட்ட முதல் நாளே அது வெளியே வரும். டீசலைத் தெளிக்கும் நாசில்களையும் டீசல் பம்பையும் டெஸ்ட் பெஞ்சில் வைத்துச் சரிபார்க்கவேண்டும். சொட்டுகிற ஒரு நாசில் புது பிஸ்டனை ஓட்டையாக்கிவிடும். ஹெட்டுக்கு பிரஷர் டெஸ்ட். வால்வு இடைவெளி, இன்ஜின் ஆறியிருக்கும்போது, இன்டேக் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ.

இந்த பி வரிசை இன்ஜினுக்கே உரிய ஒரு கோளாறும் உண்டு. முன்பக்க கியர் ஹவுசிங்கை நிலைநிறுத்தும் சிறிய டவல் பின், அதிர்வில் மெல்ல வெளியேறி கியருக்குள் விழக்கூடும். விழுந்தால் கியர் பல்லும் ஹவுசிங்கும் போகும். முன்பக்கம் திறந்திருக்கும்போதே அதன் முன்னே ஒரு சிறு தகட்டை போல்ட்டோடு சேர்த்து முறுக்கி அடைத்துவிட்டால், பிறகு அந்தக் கவலை இல்லை.

சுத்தத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ஹோனிங் (சுவரில் ஆயில் தங்க, கல்லால் தேய்த்து மெல்லிய கோடுகள் போடுவது) முடிந்த போரை டீசலாலும் மண்ணெண்ணெயாலும் துடைத்துவிட்டு மாட்டுவதை நிறையப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் பதறும். ஹோனிங் கல்லின் பொடி அந்தக் கோடுகளுக்குள் உட்கார்ந்திருக்கும், எண்ணெய் அதை எடுக்காது. சுடுதண்ணீரும் சோப்பும் வைத்து பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைக்கவேண்டும். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவவேண்டும். துணி வெள்ளையாகவே வரும்வரை பிஸ்டன் உள்ளே போகக்கூடாது. நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். கிராங்கின் ஆயில் துளைகளுக்கும் நீளமான பிரஷ் விடச் சொல்லுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை நிறுத்திவைத்து, ஆயில் பிரஷர் முள் எழும்வரை செல்ஃப் அடிக்கவேண்டும், ஒரே மூச்சாக இல்லாமல் இடைவெளி விட்டு. டர்போவில் ஆயில் ஊற்றிவிட்டே குழாயை மாட்டவேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகு, "செட் ஆகட்டும்" என்று நாள் முழுக்க ஐடிலிங்கில் விடாதீர்கள். பாரமில்லாமல் ஓடினால் ரிங் சுவரோடு அழுந்தாது. சுவர் கண்ணாடி போல வழவழத்துப்போய், ஆயில் குடிப்பது நிரந்தரமாகிவிடும். கசிவு பார்த்துவிட்டு மிதமான பாரத்தோடு சாலையில் இறக்குங்கள். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் 1,000 கிலோமீட்டருக்கு முழு லோடோடு தொப்பூர் மேடு வேண்டாம்.

சூடான இன்ஜினில், ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போகக்கூடாது. முழு வேகத்தில் 30 இருக்கவேண்டும். இவை கடைசி எல்லைகள். புதிதாக வேலை பார்த்த இன்ஜின் இவற்றுக்கு நன்றாக மேலே நிற்கவேண்டும். 1,000 கிலோமீட்டரில் ஆயிலை இறக்கி, ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டி, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். அங்கங்கே சாம்பல் நிறப் பொடி இருந்தால் புது ரிங் அமர்ந்த அடையாளம், பயமில்லை. செம்பு நிறத்தில் மின்னினாலோ, நகத்தில் தட்டுப்படும் சில்லு இருந்தாலோ வண்டியை எடுக்காதீர்கள். அந்தக் காகிதத்தையும், ஆரம்பத்தில் எழுதி வாங்கிய அளவுகளையும் மெக்கானிக் முன்னே வைத்து, ஆயில் பேனைக் கழற்றச் சொல்லுங்கள்.