ஊரக மேம்பாட்டுப் படிப்பில் மகளைச் சேர்க்கலாமா?

பிளஸ் டூ எழுதப்போகும் மகள் திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள காந்திகிராம ஊரக நிறுவனத்தில் (நிகர்நிலைப் பல்கலைக்கழகம்) சேர விரும்புகிறாள். "கிராமத்தைப் பற்றிப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்பது உங்கள் கவலை. எந்தத் துறையில், என்ன பெயருள்ள பட்டத்தில் சேரப்போகிறாள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் ஒரு பயத்தை விட்டுவிடுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றாலே நன்கொடை, லட்சங்களில் கட்டணம் என்று நினைக்க வேண்டாம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கியது காந்திகிராமம். அங்கே 1956-இல் ஊரக நிறுவனம் உருவாகி, 1976-இல் நிகர்நிலைத் தகுதி பெற்றது. மத்திய அரசின் நிதியில் நடப்பதால், தனியார் நிகர்நிலைகளின் கட்டணத்தோடு இதை ஒப்பிடவே முடியாது.

இனி பட்டத்தின் பெயர். ஒரே வளாகத்தில் கூட்டுறவு, பொருளியல், சமூகவியல், ஊரக மேம்பாடு, வேளாண்மை என்று பல துறைகள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே 'கிராமப் படிப்பு'. வேலை அறிவிக்கையில் அப்படி இல்லை. பொதுத்துறை வங்கிகளின் வேளாண் அலுவலர் பணிக்கு வேளாண்மை அல்லது அதைச் சார்ந்த நான்காண்டுப் பட்டம் வேண்டும். ஊரக மேம்பாட்டுப் பட்டத்தை வைத்து அங்கே விண்ணப்பிக்க முடியாது. மாவட்டக் கூட்டுறவு வங்கி, தொடக்கக் கூட்டுறவுச் சங்க உதவியாளர் பணிகளுக்குப் பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்பார்கள். கூட்டுறவையே முதன்மைப் பாடமாகப் படித்த சில பட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஊரக வளர்ச்சி உதவி இயக்குநர் பதவி குரூப் 1 தேர்வில் வருகிறது; அதற்கு எந்தப் பட்டமும் போதும். வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு நடத்தும் கிரேடு 'ஏ' அதிகாரி தேர்வில் பொருளாதார-சமூகப் பிரச்சினைகள், வேளாண்மையும் ஊரக மேம்பாடும் என்ற இரண்டு பகுதிகள் இருக்கின்றன. இந்தப் படிப்பு நேரடியாகக் கைகொடுப்பது அங்கேதான்.

கல்லூரி ஆசிரியராவதுதான் கனவு என்றால் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் 'ஊரக மேம்பாடு' என்று தனிப் பாடம் கிடையாது. ஊரகப் பொருளாதாரமும் கூட்டுறவும் பொருளியலுக்குள் அடங்கும். சமூகப்பணி, சமூகவியல் ஆகியவை தனித்தனிப் பாடங்கள். எம்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்தப் பாடத்தில் நெட் எழுதுவது என்று முடிவுசெய்யாதவர்கள், பின்னால் பணி விண்ணப்பத்தில் 'தொடர்புடைய பாடம்' என்ற இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வழக்கத்துக்கு மாறான பெயருள்ள பட்டமாக இருந்தால், அது வழக்கமான பட்டத்துக்கு இணையானது என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே துறையில் கேளுங்கள். தேர்வாணையம் சான்றிதழைச் சரிபார்க்கும் நாளில் தேடினால் தாமதம்.

சேர்க்கையில் பலர் கோட்டைவிடுவது தேதியில்தான். பல்கலைக்கழகங்களுக்கான தேசியப் பொது நுழைவுத் தேர்வான க்யூட்டின் மதிப்பெண்ணை ஏற்கும் பல்கலைக்கழகங்களில் காந்திகிராமமும் ஒன்று. பிளஸ் டூ முடிவு வரட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் க்யூட் விண்ணப்பம் மூடிவிட்டிருக்கும். 2025-இல் ஒருவர் அதிகபட்சம் 5 தாள்கள் எழுதலாம். ஒவ்வொன்றும் 50 கேள்வி, 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிப்பார்கள். தமிழிலேயே எழுதலாம், ஆனால் மொழியை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். அதைவிட முக்கியம், சேர விரும்பும் பட்டத்துக்கு எந்தத் தாள் தேவை என்று பார்த்துத் தாளைத் தேர்ந்தெடுப்பது. தவறான தாளில் நல்ல மதிப்பெண் வாங்கிப் பயனில்லை.

இந்தப் படிப்பின் உயிர் களப்பணி. கிராமத்தில் தங்கிச் செய்யும் பயிற்சியை 'ஒரு வாரச் சுற்றுலா' என்று நினைக்கும் மாணவர்கள் மூன்று ஆண்டையும் வீணாக்குகிறார்கள். பங்கேற்பு மதிப்பீட்டில் ஊர் மக்களே தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுவார்கள். அதை ஊர்ச் சாவடியில் வைத்தால் வரைவது மேலத்தெரு ஆண்களாகத்தான் இருக்கும். காலனியின் குடிநீர்த் தொட்டி வரைபடத்திலேயே வராது. அதனால் பெண்களிடம் தனியாக, காலனியில் தனியாக என்று வரையச்சொல்லி, பிறகு ஒப்பிட வேண்டும். வீடு வீடாகக் கணக்கெடுக்கக் காலை 11 மணிக்குப் போனால் வீட்டில் முதியவர்கள் மட்டுமே இருப்பார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டால், கூலிக்குப் போகிறவர்கள் கணக்கிலிருந்து விடுபடுவார்கள். மாலையில் மறுபடி போவதுதான் சரி. "மாத வருமானம் எவ்வளவு?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் குறைத்தே பதில் வரும், சலுகை போய்விடுமோ என்ற பயம். எத்தனை நாள் வேலை, என்ன கூலி, எத்தனை ஆடு, எவ்வளவு குத்தகை என்று பிரித்துக் கேட்டு நாம்தான் கூட்ட வேண்டும்.

கிராம சபைக்கும் மகள் போகட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானப் பதிவேட்டைப் படித்துப் புரிந்துகொள்ளும் மாணவி, ஊராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி தந்த 73-வது சட்டத்திருத்தத்தை மனப்பாடம் செய்தவளைவிட நேர்முகத்தில் நன்றாகப் பேசுவாள்.

இதோடு எக்செல், கைபேசியில் தகவல் திரட்டும் கோபோடூல்பாக்ஸ், வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ் ஆகியவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். பின்னவை இரண்டும் இலவசம். ஆங்கிலத்தில் பத்துப் பக்க அறிக்கையைப் பிழையின்றி எழுதவும் வர வேண்டும். இருசக்கர வாகன உரிமம் இல்லாவிட்டால் களப்பணி வேலைகள் பல கைநழுவும்.

வேலை என்று வந்தால் தொண்டு நிறுவனங்கள், சுயஉதவிக் குழுத் திட்டங்கள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் நடக்கும் பணிகள் ஆகியவைதான் அதிகம். பெரும்பாலும் ஒப்பந்தப் பணி. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். 'ஊரக மேம்பாட்டு அலுவலர்' என்று விளம்பரம் வந்தால் நிறுவனம் என்ன செய்கிறது என்று பாருங்கள். நுண்கடன் நிறுவனமாக இருந்தால் அது பெரும்பாலும் கடன் தவணை வசூல் வேலை. ஊரக மேலாண்மை முதுநிலைக்கு குஜராத்தின் ஆனந்தில் 1979-இல் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனமான இர்மா உண்டு. ஆனால் கட்டணம் பல லட்சம். கல்விக் கடன் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வளாகத்துக்கு நேரில் போகும்போது கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதோடு திரும்பிவிடாதீர்கள். சேரப்போகும் துறையில் கடைசி ஆண்டு மாணவர்களின் களப்பணி அறிக்கைகள் இரண்டைக் காட்டச் சொல்லுங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் இப்போது என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று பதவிப் பெயரோடு கேளுங்கள்.