படம் எடுப்பவர் சொல்ல வேண்டியதும் சொல்லக் கூடாததும்

எக்ஸ்ரே, ஸ்கேன் மையங்களில் பணிபுரிவோர் நோயாளிகளுக்கு ஆற்ற வேண்டிய கடமைகள் குறித்து வட ஆர்க்காட்டுப் பகுதி வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: பீடி சுற்றும் என் கணவருக்கு இரண்டு மாதமாக விடாத இருமல். தனியார் மையம் ஒன்றில் மார்பு எக்ஸ்ரே எடுத்தோம். படம் எடுத்தவரின் முகம் திரையைப் பார்த்ததும் மாறியது. என்னவென்று கேட்டால், "டாக்டரைப் பாருங்கள்" என்றதோடு சரி. காசு கொடுத்த எங்களுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?
வாசகி, குடியாத்தம்

பதில்: உரிமை உண்டு, ஆனால் முடிவைச் சொல்ல வேண்டியவர் அவர் அல்லர். படத்தைப் பிழையில்லாமல் எடுப்பது டெக்னீஷியனின் வேலை. அதைப் படித்து ரிப்போர்ட் எழுதிக் கையொப்பமிடுவது ரேடியாலஜிஸ்டின், அதாவது படங்களைப் படித்து நோயறியும் மருத்துவரின் பொறுப்பு. உதாரணமாக, நுரையீரலின் மேற்பகுதியில் தெரியும் வெண்திட்டு என்றோ ஆறிப்போன காசநோயின் தழும்பாகவும் இருக்கலாம், இப்போதைய தொற்றாகவும் இருக்கலாம். சளிப் பரிசோதனை முடிவும் நோயாளியின் பழைய கதையும் தெரியாமல் டெக்னீஷியன் ஏதாவது சொல்லி, நீங்கள் அதை நம்பி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தால் யார் பொறுப்பு? அவர் வாயை மூடிக்கொண்டது சரியே. முகத்தையும் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்.

ஆனால் அவர் மருத்துவரிடமும் மௌனமாக இருந்துவிட முடியாது. நெஞ்சுக்கூட்டில் காற்று நிறைந்து நுரையீரல் சுருங்கிக் கிடப்பது போன்ற ஆபத்து கண்ணில் பட்டால், ரிப்போர்ட்டுக்காக நோயாளியை வரிசையில் உட்கார வைக்காமல் உடனே மருத்துவரை அழைப்பது அவருடைய கடமை. ரிப்போர்ட் எப்போது, யாரிடம் கிடைக்கும் என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். மருத்துவப் பதிவுகளை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் கூறுகின்றன. எனவே எழுத்து மூலம் கேளுங்கள். இரண்டு மாத இருமல் என்பதால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

கேள்வி: ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் என் மகளுக்கு இடுப்புவலி என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். பத்து நாள் கழித்துத்தான் அவள் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது. படம் எடுக்கும்போது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கருவைக் கலைத்துவிடச் சொல்கிறார்கள் உறவினர்கள்.
வாசகர், ஆம்பூர்

பதில்: அந்தப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். கீழ்முதுகு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு வழக்கமாகச் சில மில்லிகிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுதான். 100 மில்லிகிரேக்குக் குறைவாகப் பட்ட கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது நியாயமாகாது என்பது பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலைப்பாடு. இடுப்புப் பகுதி சி.டி. ஸ்கேனில்கூட வழக்கமாக அந்த அளவை எட்டுவதில்லை. மையத்தில் எத்தனை படம், எந்தக் கோணத்தில் எடுத்தார்கள் என்ற விவரத்தை எழுதி வாங்கி மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். மனம் தெளிய அது போதும்.

ஆபத்து சிறியது என்பதால் தவறும் சிறியதாகிவிடாது. பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்ணின் வயிறு, இடுப்புப் பகுதியைப் படம் எடுக்கும் முன், கடைசி மாதவிலக்கு எப்போது, நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்பது இத்துறையின் பாலபாடம். மாமியாரும் கணவரும் சுற்றி நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. கதவைச் சாத்திவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் படம் இப்போதே தேவையா, தள்ளிவைக்கலாமா என்று அனுப்பிய மருத்துவரிடம் பேச வேண்டும். எடுத்தே ஆக வேண்டுமென்றால், கதிர் விழும் பரப்பைத் தேவையான அளவுக்குச் சுருக்கி, மறுபடம் வேண்டாதபடி ஒரே தடவையில் முடிக்க வேண்டும்.

இந்தியாவில் எக்ஸ்ரே கருவியை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் தேவை. 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் மையத்தைக் கட்டுப்படுத்துகின்றன. உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே கூறிவிட்டது. குடியிருக்கும் ஊருக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். பாதிப்பு இல்லாத நிலையில் பெரிய இழப்பீடு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மையத்துக்கு எழுத்து மூலம் புகார் தந்து, இனி ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்க வைப்பதே நடைமுறையில் பலன் தரும்.

கேள்வி: ரேடியாலஜி டெக்னாலஜி படிக்கிறேன். பயிற்சிக்குப் போகும் இடத்தில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் நோயாளிகளே அதிகம். ஸ்கேனில் உறுப்புகள் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசிக்கான ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. "கையெழுத்து வாங்கு, வரிசை நிற்கிறது" என்கிறார் சீனியர். இது சரியா?
மாணவர், வேலூர்

பதில்: சரியில்லை. நோயாளிக்குப் புரியும்படி விளக்கிய பிறகு பெறுவதே ஒப்புதல் என்பதை உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. அயோடின் கலந்த அந்த மருந்து சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தீங்கு செய்யக்கூடும். முன்பு ஊசி போட்டு மூச்சு முட்டியதுண்டா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை பார்த்தாயிற்றா என்ற கேள்விகளுக்கு நோயாளி புரியாமல் தலையாட்டினால், அதற்கு மேல் எந்தக் கையெழுத்தும் உங்களைக் காப்பாற்றாது. எம்.ஆர்.ஐ. அறையில் இது இன்னும் கடுமை: அங்குள்ள வலுவான காந்தம் பாதிக்கக்கூடிய பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) உடலில் இருப்பதை மொழி தெரியாததால் கேட்காமல் விட்டோம் என்று எந்த விசாரணையிலும் சொல்ல முடியாது.

காந்தி ரோடு லாட்ஜ்களில் நான்கு மொழி பேசும் பையன்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் ஒருவரையே மொழிபெயர்க்க அழைத்துவிடுகிறார்கள். அவசரத்துக்கு உதவும் என்றாலும், நோயாளியின் அந்தரங்க நோய்க்கதையைக் கேட்க அந்தப் பையனுக்கு என்ன உரிமை? நோயாளியின் சம்மதமில்லாமல் அந்தப் பையனை உள்ளே விடாதீர்கள். வங்காள மொழியிலும் இந்தியிலும் அச்சிட்ட கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்துத் தரும்படி உங்கள் துறைத்தலைவரிடம் கேளுங்கள். ஒரு நாள் வேலைதான். அதுவரை, புரியவில்லை என்று தெரிந்தால் ஊசியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். சீனியர் கடிந்துகொண்டால் கடிந்துகொள்ளட்டும்.

கேள்வி: ஸ்கேன் மையத்தில் என் தம்பி வேலை பார்க்கிறான். வாயால் சொல்ல வேண்டாம், ஆணா பெண்ணா என்று கண்ஜாடை காட்டினால் போதும் என்கிறார் என் மாமியார். அதுவுமா குற்றம்?
வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: குற்றம்தான். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வகையிலோ கருவின் பாலினத்தைத் தெரிவிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மருத்துவர் மட்டுமல்லாமல், அங்கே தொழில்நுட்ப வேலை செய்பவரும் அதில் அடங்குவார். முதல் குற்றத்துக்கே மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஜாமீனை உரிமையாகப் பெற முடியாது, நீதிமன்றம் மனம் வைத்தால்தான் கிடைக்கும். பாலினத்தை அறிவதற்காக நாடுபவருக்கும் மூன்று ஆண்டுகள் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். கர்ப்பிணியைப் பொறுத்தவரை, கணவரோ உறவினரோ வற்புறுத்தியதால்தான் அவர் அதற்கு உடன்பட்டார் என்றே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். எனவே விசாரணை உங்கள் மாமியாரை நோக்கித்தான் திரும்பும் என்பதை அவரிடம் சொல்லி வையுங்கள்.