கறிவேப்பிலைத் தொட்டியும் சின்னக் கேமராவும்

அன்புள்ள ஐயா,

ஓய்வு பெற்றபின் புகைப்படத்தில் ஆசை வந்திருக்கிறது. கையில் இருப்பது மகன் ஒதுக்கிவிட்ட சின்ன காம்பாக்ட் கேமரா. போன வாரம் வின்ட்சர் இயற்கைப் பூங்காவுக்குப் போனேன். எல்லோரும் பெரிய பெரிய லென்ஸோடு நின்றார்கள். நான் எடுத்த பறவை கறுப்புப் புள்ளியாக விழுந்திருக்கிறது. கிட்டப் போய் எடுத்த தும்பியும் மங்கல். புதுக் கேமரா வாங்கித்தான் ஆகவேண்டுமா?

ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள அம்மா,

இப்போதைக்கு நிச்சயம் வேண்டாம். உயரக் கிளையில் இருக்கும் பறவை இந்தக் கேமராவுக்கு எட்டாது, அதை விட்டுவிடுவோம். டிஜிட்டல் ஜூமை இழுத்தாலும் புள்ளிதான் பெரிதாகும். ஆனால் கிட்டத்தில் இருப்பதை எடுக்க இதைப்போல வசதியான கருவி குறைவு.

காட்டுக்குப் போகுமுன் வாசலிலேயே தொடங்குங்கள். வீவக அடுக்குமாடிக் காரிடாரில் நம்மவர்கள் வீடு என்றால் பெரும்பாலும் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கும். அதில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிடும். பொரித்து வரும் புழு கறுப்பும் வெள்ளையுமாக, அசப்பில் பறவை எச்சம் மாதிரியே கிடக்கும். தின்ன வரும் பறவையை ஏமாற்றத்தான் அந்த வேஷம். வளர்ந்தபின் ஒருமுறை தோலுரித்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கவைபோல ஒன்று வெளியே நீளும், கூடவே ஒரு நெடியும் வரும். படத்துக்காக அதைச் சீண்டாதீர்கள். நாலு கொத்து கறிவேப்பிலை போனால் போகட்டும், மருந்தும் அடிக்காதீர்கள்.

இனி கேமரா. பூ அடையாளம் போட்ட மேக்ரோவுக்கு, அதாவது கிட்டத்தில் எடுக்கும் முறைக்கு, மாற்றுங்கள். ஜூமைத் தொடவே வேண்டாம். பல காம்பாக்ட்களில் ஜூம் இழுக்காமல் இருக்கும்போதுதான் சில சென்டிமீட்டர் வரை கிட்டப் போக முடியும், இழுத்துவிட்டால் ஃபோகஸ் பிடிக்காது. உங்கள் தும்பி மங்கியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்து, பச்சைக் கட்டம் வந்தபிறகு மீதியை அழுத்துங்கள். ஃபிளாஷ் வேண்டாம். அவ்வளவு கிட்டத்தில் கேமராவின் நிழலே புழுவின்மேல் விழும், அதனால் வெளிச்சத்தை மறைக்காமல் பக்கவாட்டில் வாருங்கள். காரிடாரில் நேர்வெயில் படாத நேரத்து வெளிச்சம் இதற்கு அருமையானது.

இந்தக் கேமராக்களில் ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் சிறியது. அதனால் முன்னால் இருப்பதோடு பின்னால் இருப்பதும் ஓரளவு தெளிவாகவே விழும். பின்னணி மங்கவில்லையே என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அது வரமாகத்தான் படுகிறது. இலை நுனியில் புழு, அதன் பின்னால் எதிர் புளோக், மூங்கில் கழியில் காயும் துணி எல்லாம் ஒரே படத்தில் வரும். அந்த உயிர் எங்கே வாழ்கிறது என்று சொல்லும் படம் அது. வெறும் மங்கலான பச்சைக்கு முன்னால் நிற்கும் புழுவை உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். பின்னணி உறுத்தினால் கேமராவைப் புழுவின் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம் காடு. புக்கிட் தீமா மரநிழலில் பகலிலேயே வெளிச்சம் குறைவு, ஷட்டர் மெதுவாக விழும், கை நடுக்கம் படத்தில் தெரியும். கைப்பிடிக் கம்பியில் கேமராவை ஊன்றி, இரண்டு விநாடி டைமர் வைத்து எடுங்கள். காளான், பாசி, பெரணி, வேர் போன்ற அசையாதவை அங்கே ஏராளம். பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, போனால் காலையிலேயே போய்விடுங்கள். வெள்ளைப் பூ வெயிலில் வெளுத்துப்போனால் படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை ஒரு படி மைனஸில் வையுங்கள், இதழின் நரம்பு தெரிய ஆரம்பிக்கும். உடும்பு பார்க்க வேண்டுமானால் சுங்கை பூலோ சதுப்புநிலம். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் சேற்றில் துள்ளும் மீன்களையும் பலகைப் பாதையிலிருந்தே காணலாம். பாதையை விட்டு இறங்காதீர்கள். கிட்ட வரவைக்க எதற்கும் தீனி போடாதீர்கள், 2020 முதல் சிங்கப்பூரில் எங்கேயும் காட்டுயிர்களுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம்.

ஏர்கான் ரயிலிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்து, வெளிச்சூட்டுக்குப் பழகும்வரை கொஞ்ச நேரம் பொறுத்து வெளியே எடுங்கள்.