வெட்டிய பிறகு மிஞ்சும் பேட்டிகள்

அன்புள்ள ஐயா,

நான் வீடியோ எடிட்டராக இருக்கிறேன். ஒரு நிமிட ரீல்ஸையே பாதியில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். இந்தக் காலத்தில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஓடும் அரசியல் ஆவணப்படங்களைப் பொதுத் தொலைக்காட்சிகள் இன்னும் எடுத்துக்கொண்டிருப்பதில் என்ன பயன்? அவையும் சுருக்கிக்கொண்டால்தானே பிழைக்க முடியும்?

ர., மதுரை

அன்புள்ள ர.,

சுருக்கித்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவின் லாப நோக்கமில்லாத பொதுத் தொலைக்காட்சி வலையமைப்பான பிபிஎஸ்ஸில் வரும் 'ஃப்ரன்ட்லைன்' தொடரைப் பாருங்கள் (சென்னையிலிருந்து வரும் பத்திரிகை வேறு). பாஸ்டன் நகரத்துப் பொதுத் தொலைக்காட்சி நிலையம் 1983 முதல் இதைத் தயாரிக்கிறது. இணையம் வந்தபோது அவர்கள் படத்தின் நீளத்தில் கை வைக்கவில்லை. 1995இலேயே படங்களுக்கென்று இணையப் பக்கம் தொடங்கினார்கள். பிறகு முழுப் படங்களையே இலவசமாகப் போட்டார்கள். இன்று யூடியூபிலும் கிடைக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது 2017இல் அவர்கள் செய்த ஒரு காரியம். அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யா தலையிட்டது பற்றி இரண்டு பாகங்களில் ஒரு படம் எடுத்தார்கள். அதற்காக எடுத்த பேட்டிகளில் 56ஐ, ஏறக்குறைய 70 மணி நேரம், அப்படியே இணையத்தில் வைத்துவிட்டார்கள். பக்கத்திலேயே எழுத்து வடிவமும் உண்டு. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் அந்த வரிக்கான வீடியோவை மட்டும் பிறருக்கு அனுப்பலாம்.

இதன் அருமை உங்களைப் போன்ற எடிட்டருக்குத்தான் சட்டென்று புரியும். ஒருவர் இரண்டு மணி நேரம் பேசியிருப்பார், படத்தில் வருவது ஒரு நிமிடம். மிச்சம் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும், இடம் போதாதபோது அழிந்தும் போகும். "முன்னும் பின்னும் வெட்டி, நான் சொல்லாததைச் சொல்ல வைத்துவிட்டார்கள்" என்று பேசியவர் பிறகு புகார் சொன்னால் பார்ப்பவர் யாரை நம்புவது? முழுப் பேட்டியும் கண்முன்னே இருந்தால் பார்ப்பவரே போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒளிபரப்பு நேரம் குறுகியது, அதில் இதற்கு இடமே கிடையாது. இணையம் கொடுத்த பெரிய வசதி என்று நான் நினைப்பது இதைத்தான்.

துண்டு வீடியோக்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022 மார்ச்சில் உக்ரைனின் மரியுபோல் நகரம் ரஷ்யப் படையின் முற்றுகையில் இருந்தபோது, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் மிஸ்திஸ்லாவ் செர்னோவ் தொடர்பு கிடைத்த இடங்களைத் தேடிப்போய்ச் சின்னச் சின்னக் காட்சிகளாக அனுப்பினார். குண்டு விழுந்த மகப்பேறு மருத்துவமனையை உலகம் பார்த்தது அப்படித்தான். பிறகு ஃப்ரன்ட்லைனோடு சேர்ந்து அது ஒன்றரை மணி நேரப் படமானது. 2024இல் ஆஸ்கரும் வாங்கியது. அந்தச் செய்தித் துண்டுகளை நானும் அப்போதே பார்த்திருந்தேன். ஆனால் அந்த மருத்துவமனையிலிருந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போன கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆனது, மருத்துவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் படத்தோடு உட்கார்ந்தபோதுதான் மனதில் இறங்கியது. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

எனக்குக் கவலை நீளத்தைப் பற்றி அல்ல, பணத்தைப் பற்றி. ஒரு படத்துக்காக மாதக்கணக்கில் அலைய யாராவது சம்பளம் கொடுக்க வேண்டும். பொதுத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு அரசுப் பணத்தைக் கொடுப்பதற்காக 1967இல் சட்டம் போட்டு உருவாக்கிய பொது ஒளிபரப்புக் கழகத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்துவிட்டது. பெரிய நிலையங்கள் நன்கொடையை வைத்துச் சமாளிக்கலாம். சிற்றூர் நிலையங்களை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆவணப்படத்தை வெட்டி முடித்ததும் மிச்சப் பேட்டிகளை அழித்துவிடாதீர்கள். முழுப் பேட்டியையும் வெளியிடலாமா என்று பேசியவர்களிடம் படப்பிடிப்பு நாளிலேயே எழுதி வாங்கி வைக்கும்படி உங்கள் இயக்குநரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்.